ஆட்டின் வயிற்றில் கிடைத்த விடை

வேலியோரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் நிற்கும் சவுண்டல் மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிறுசிறு இலைகள், வெள்ளைப் பந்து போன்ற பூ, கொத்தாகத் தொங்கும் தட்டையான காய்கள். சூபாபுல் என்றும் இதைச் சொல்வார்கள். இதன் தாயகம் மெக்சிகோ. ஆடுமாடுகள் இத்தழையை விரும்பித் தின்னும். உலர்ந்த தழையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம் உண்டு. நெல் வைக்கோலில் ஏறக்குறைய 4 பங்குதான்.

இவ்வளவு நல்ல தீவனத்தில் ஒரு நஞ்சும் ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் மிமோசின். குதிரையும் முயலும் இத்தழையை நிறையத் தின்றால் உரோமம் உதிரும். செம்மறியாட்டுக்குத் திடீரென்று மிகுதியாகக் கொடுத்தால் கம்பளியே கழன்று வந்துவிடும். கத்தரி இல்லாமல் கம்பளி எடுக்க மிமோசின் உதவுமா என்று கூடச் சில விஞ்ஞானிகள் ஆராய்ந்து பார்த்தார்கள்!

அசைபோடும் பிராணிகளின் கதை வேறு. மாட்டின் முதல் இரைப்பையாகிய ருமென் ஒரு பெரிய நொதிக்கும் தொட்டி. அதிலுள்ள சாற்றின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் பல நூறு கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வைக்கோலைக் கரைத்து மாட்டுக்கு உணவாக்குபவை இவைதாம். மிமோசினையும் இவை உடைத்துவிடுகின்றன. அப்படியானால் ஆபத்து நீங்கியது அல்லவா? இல்லை. உடைந்து உண்டாகும் டி.எச்.பி. என்னும் பொருள் தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுக்கிறது என்று ஹெகார்ட்டி என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1976-இல் காட்டினார்கள். சுரப்பி வீங்கும்; பசி குறையும்; எடை இறங்கும். குவின்ஸ்லாந்து மாநிலத்துப் பண்ணைகளில் சவுண்டல் தழைத்து நின்றது; அதை மேய்ந்த மாடுகளோ மெலிந்தன.

அங்கு டவுன்ஸ்வில் நகரில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தின் டேவிஸ் ஆராய்ச்சிச்சாலை இருந்தது. மேய்ச்சல் பயிர்களையும் அவற்றை மேயும் கால்நடைகளையும் ஆராய்ந்து வந்த ரேமண்ட் ஜோன்ஸ் அங்கே பணியாற்றினார். அவரைக் குடைந்த கேள்வி இது: ஹவாய்த் தீவுகளிலும் ஆடுமாடுகள் இதே தழையைத்தான் தின்கின்றன. அவற்றுக்கு மட்டும் ஏன் நோய் வரவில்லை?

மரம் வேறு வகையா? மண்ணில் அயோடின் கூடுதலா? அல்லது வயிற்றுக்குள்தான் வித்தியாசமா? மூன்றாவது சந்தேகத்தை ஜோன்ஸ் 1981-இல் ஒரு கட்டுரையின் தலைப்பாகவே எழுப்பினார். சோதித்த முறை எளியது. இரண்டு நாட்டு ஆடுகளுக்கும் தழையைக் கொடுத்து, அவற்றின் சிறுநீரைச் சோதித்தார்கள். ஆஸ்திரேலிய ஆட்டின் சிறுநீரில் டி.எச்.பி. ஏராளம், ஹவாய் ஆட்டின் சிறுநீரிலோ மிகக் குறைவு. அப்படியானால் ஹவாய் ஆட்டின் ருமெனில் அந்த நஞ்சை உடைக்கும் ஏதோ ஒரு நுண்ணுயிர் இருக்க வேண்டும்.

இதை மெய்ப்பிக்க ஒரே வழி, வயிற்றுக்கு வயிறு மாற்றிப் பார்ப்பதுதான். இந்தோனேசிய ஆடு ஒன்றின் ருமென் சாற்றை ஆஸ்திரேலிய ஆடுகளின் ருமெனில் செலுத்தியதும் அவையும் டி.எச்.பி.யை உடைக்கத் தொடங்கின. 1984-இல் ஜோன்சும் லௌரியும் இதை வெளியிட்டார்கள். ஹவாய் ஆடுகளின் பாக்டீரியாக்களை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றி வெற்றி கண்ட செய்தியை ஜோன்சும் மெகாரிட்டியும் 1986-இல் அறிவித்தார்கள். மந்தையில் சில மாடுகளுக்குக் கொடுத்தாலே போதும். கூட மேயும் மற்றவற்றுக்கும் அது பரவிவிடும். நோய் பரவுவதைக் கேட்டிருக்கிறோம். இங்கே பாதுகாப்பு பரவுகிறது!

அந்தப் பாக்டீரியா லேசுப்பட்டதல்ல. பிராணவாயு பட்டால் அதற்கு ஆகாது; சர்க்கரையும் அதற்கு உணவல்ல. அமெரிக்காவில் மில்டன் ஆலிசனும் கூட்டாளிகளும் அதைத் தனியே பிரித்து வளர்த்து, 1992-இல் சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். பெயரில் யார் இருக்கிறார் என்று தெரிகிறதல்லவா?

இத்துறையில் சேர விரும்பும் மாணவர்களுக்கு நம் நாட்டில் இரண்டு பாதைகள் உண்டு. கால்நடை மருத்துவம் ஐந்தரை ஆண்டு படித்து, பிறகு கால்நடை உணவியலில் மேற்பட்டம் பெறலாம். வேளாண்மை படித்துத் தீவனப் பயிர் ஆராய்ச்சிக்கும் செல்லலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஜான்சியில் 1962-இல் தொடங்கிய தேசியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையமும் உண்டு. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தின்ற தீவனத்தையும் போட்ட சாணத்தையும் நாள்தோறும் நிறுத்துக் கணக்கெழுதுவதே இங்கு பாதி வேலை. மூக்கைப் பொத்துகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

கதை அதோடு முடியவில்லை. பாக்டீரியா கொடுக்கப்பட்ட மந்தைகளிலும் பின்னாளில் சிறுநீரில் டி.எச்.பி. காணப்பட்டது, ஆனால் மாடுகள் நன்றாகவே வளர்ந்தன. மாட்டின் ஈரல் அந்த நஞ்சை வேறொரு பொருளோடு பிணைத்து வெளியேற்றுவதையும் விஞ்ஞானிகள் கண்டார்கள். காப்பாற்றுவதில் ஈரலின் பங்கு எவ்வளவு, பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. அதுவரை, உங்கள் வீட்டு மாட்டுக்குச் சவுண்டல் தழை போடுவதானால், மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.