‘ஓரிரு இடங்கள்’ என்றால் எந்த இடங்கள்?

கத்திரி நடந்துகொண்டிருந்த ஒரு மாலை. வேலூரில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். பாலாற்றுக்கு வடக்கே வானம் மையாகக் கறுத்திருந்தது. காட்பாடியிலிருந்து வந்து நின்ற பேருந்தின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாங்கள் நின்ற தரையில் மட்டும் வெயிலின் காந்தல் தணியவே இல்லை. டீ ஆற்றியவர் பேருந்தைக் காட்டிச் சொன்னார்: “பாத்தீங்களா சார், ஆத்துக்கு அந்தாண்ட கொட்டியிருக்கு. டிவில ‘ஓரிரு இடங்களில்’னு சொன்னா நம்ம ஊர் கிடையாதுன்னு அர்த்தம்!”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் வானிலை அறிக்கையில் நாம் அதிகம் கேலி செய்யும் அந்தச் சொல்தான் அதில் மிகக் கறாரானது. மழைமானி வைத்திருக்கும் நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாமல் மழை பதிவானால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 சதவீதம் வரை என்றால் ‘ஒருசில இடங்கள்’. அதைத் தாண்டினால் ‘அநேக இடங்கள்’, முக்கால் பங்கையும் மீறினால் ‘பெரும்பாலான இடங்கள்’. அப்படிப் பார்த்தால் ‘ஓரிரு’ என்பது மழுப்பல் அல்ல, கணக்கு.

கோடை மழையின் பிறப்பும் அப்படித்தான். ஐப்பசி மழை கடலிலிருந்து கூட்டமாகத் திரண்டு வரும். மாவட்டம் மாவட்டமாக நனைக்கும். கோடை மழை அந்தந்த ஊரின் சூட்டில் உருவாவது. பகலெல்லாம் காய்ந்த தரை தன் மேலிருக்கும் காற்றைச் சூடாக்கி மேலே தள்ளுகிறது. அதோடு வங்கக் கடலின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் எங்காவது முட்டிக்கொண்டால், இரண்டு மணி நேரத்தில் மலைபோல ஒரு மேகம் எழும்பிவிடும். அந்த மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர், ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். மாவட்டத்தில் எங்கோ ஓரிடத்தில் அது எழும் என்று காலையிலேயே சொல்லிவிடலாம். ஆற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்பதை மேகம் கட்டிய பிறகுதான் ரேடாரில் பார்த்துச் சொல்ல முடியும். மூன்று மணி நேரத்துக்கென்று தனி அறிவிப்பு வெளியிடுவது அதனால்தான்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மார்ச் முதல் மே வரை இப்படித் துண்டு துண்டாகக் கிடைப்பதுதான். மானாவாரிக்காரருக்கு அது கோடை உழவுக்கான அழைப்பு. மரக்காணம், வேதாரண்யம் உப்பளங்களில் அதே மழை, பாத்தியில் விளைந்து நிற்கும் உப்பைக் கரைத்துவிடும். கோபிசெட்டிபாளையம் பக்கம் குலை தள்ளிய வாழை வைத்திருப்பவர் மழையைவிட அதற்கு முன்னால் வரும் சூறைக்காற்றுக்குத்தான் பயப்படுவார்.

எனக்கு அறிக்கையில் உறுத்தும் சொல் வேறொன்று. வெப்பமும் ஈரப்பதமும் சேரும்போது ‘அசௌகரியம் ஏற்படலாம்’ என்று எழுதுகிறார்கள். அசௌகரியமாம்! கல்யாண வீட்டில் நாற்காலி கிடைக்காதவருக்கு ஏற்படுவது அசௌகரியம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். கடலோரத்தில் 37 டிகிரி, உள்மாவட்டத்து 40 டிகிரியைவிட ஆளை வாட்டுவது இதனால்தான்.

‘வெப்ப அலை’ என்ற சொல்லிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். கடலோரத்துக்கு 37 டிகிரி போதும், ஆனால் அங்கும் அதே 4.5 கூட வேண்டும். 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் இயல்பைப் பார்க்காமலே வெப்ப அலைதான். இயல்பே 39 ஆக உள்ள ஊரில் 42 டிகிரி கொளுத்தினாலும் கணக்குப்படி அது வெப்ப அலை ஆகாது. ஆகவே ‘அலை இல்லை’ என்பதை ‘ஆபத்து இல்லை’ என்று படித்துவிடக் கூடாது.

அந்த 42-உம் நிழலில் அளந்தது. சாய்வான சட்டங்கள் வைத்த வெள்ளை மரப்பெட்டிக்குள், காற்றோட்டத்தில், வெயில் படாமல் வெப்பமானியை வைத்து அளக்கிறார்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்று அதற்குப் பெயர். வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் அப்பா. பெட்டிக்கு வெளியே செங்கல் சூளையில் நிற்பவருக்கும், தகரக் கூரையின் கீழ் மாவு அரைப்பவருக்கும் உடம்பில் உறைக்கும் சூடு அறிக்கையில் வராது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. கத்திரி முடிந்த பின்! பஞ்சாங்கத்தில் அக்னி நட்சத்திரம் மே 28-ஐ ஒட்டி முடிந்துவிடும். வலுத்த மேல்காற்றுக்கு அது தெரியாதே. அந்தக் காற்று கடற்காற்றைக் கரையேற விடாமல் தடுக்கும் நாளில், பகல் பதினொரு மணிக்கே தணிய வேண்டிய நகரம் பிற்பகல் வரை வெந்துகொண்டிருக்கும்.

வெயிலில் நின்ற ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ அதை மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் மோரோ சோடாவோ ஊற்ற வேண்டாம், புரையேறும். இப்படி வெப்பம் தாக்கி இறப்பவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்க வழியுண்டு. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

கோடை மேகத்தின் மின்னலுக்கு மழைகூட வேண்டாம். மேகம் தூரத்தில் இருக்கும்போதே காய்ந்த வயலில் அது இறங்கலாம். மின்னி முப்பது நொடிக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். மாட்டை ஓட்டிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

அன்று டீக்கடையில் என் செல்போனில் மூன்று மணி நேர அறிவிப்பைக் காட்டினேன். ராணிப்பேட்டை, திருப்பத்தூரோடு வேலூரும் இருந்தது. “பாக்கலாம் சார்” என்றவர், எதற்கும் இருக்கட்டுமென்று பிஸ்கட் பாட்டில்கள் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடினார். எட்டு மணி வரை அங்கே ஒரு தூறல் விழவில்லை. தென்மேற்கே ஜவ்வாது மலைப் பக்கம் மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தது.