நூற்றுக்கு 96: மீதி நான்கு எங்கே?

வயிற்றுவலி, தலைவலி, உறக்கமின்மை எனக் கீழப்பழுவூரிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகளை எங்களிடம் அழைத்து வருகின்றனர். சிலருக்குப் பரிசோதனைகளில் எக்குறையும் தென்படுவதில்லை. விடுமுறையில் மறையும் வலி, தேர்வு நெருங்கும்போது திரும்பி வருகிறது. அவ்வலி நடிப்பன்று, மன அழுத்தம் உடலின் வழியே வெளிப்படுகிறது.

தீராத களைப்பு, படிப்பில் வெறுப்பு, ‘என்னால் எதுவும் இயலாது’ என்னும் எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே படிப்புச் சோர்வு. அதற்குக் காரணங்கள் பல. குறையே கூடாதென எதிர்பார்க்கும் பெற்றோரின் மனப்பான்மையும் அவற்றுள் ஒன்று.

சிமெண்ட் ஆலையிலும் வயலிலும் உழைக்கும் பெற்றோர், ‘நாங்கள் பட்ட பாட்டைப் பிள்ளை படக்கூடாது’ என்று விரும்புவது அன்பினால்தான். ஆயினும் 96 மதிப்பெண்ணோடு வரும் பிள்ளையிடம் ‘மீதி நான்கு எங்கே?’ என்று கேட்கும்போது, அப்பிள்ளையின் செவியில் குறை மட்டுமே விழுகிறது. நாளடைவில் அது தவறுகளை மறைக்கவும், கடினமானவற்றைத் தவிர்க்கவும் பழகிவிடுகிறது. எங்களுள் பலரும் பெற்றோரே. அக்கேள்வியை நாங்களும் கேட்டதுண்டு.

2017-ஆம் ஆண்டு பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம் பெற்றோரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு கைவிட்டது. அரசு நிறுத்திய அப்பட்டியலை நம் வீடுகளில் நாம் இன்னும் நிறுத்தவில்லை.

அமெரிக்காவில் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழியைக் காட்டுகிறது. ‘நீ அறிவாளி’ என்று பாராட்டப்பெற்ற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், கடினமான புதிர்களில் தோற்றபின் சோர்ந்தனர். முயற்சிக்காகப் பாராட்டப்பெற்றோரோ விடாது முயன்றனர். விழுந்தபின் எழும் ஆற்றல் இவ்வாறே வளர்கிறது.

எனவே, மதிப்பெண்ணைக் கேட்குமுன் ‘எது கடினமாக இருந்தது?’ என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உறக்கத்தையும் விளையாட்டையும் தேர்வுக்காகப் பறிக்காதீர்கள். நீங்கள் தோற்று மீண்ட கதையைச் சொல்லுங்கள். பொதுத்தேர்வில் தவறினாலும் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டென்பதை முன்னரே தெரிவியுங்கள்.

சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். ‘வாழப் பிடிக்கவில்லை’ என்னும் சொல் வந்தால் ஒரு கணமும் தாமதியாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை மதிப்பெண் அட்டை வீட்டிற்கு வரும்போது, முதலில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அட்டையைப் பிறகு பார்க்கலாம்.