ஹைதராபாத் குளோரபாரம் கமிஷன்

ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் நம் தேசத்தில் நடந்த வைத்திய ஆராய்ச்சிகளைப் பிரஸ்தாபிப்போர், 1897-ம் வருஷம் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் செய்த மலேரியா ஆராய்ச்சியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அதற்கு எட்டு வருஷங்களுக்கு முன், அதன் அருகிலேயே, ஒரு சுதேச மன்னரின் பொருளுதவியால் நடந்த மற்றோர் ஆராய்ச்சி நம்மவரால் மறக்கப்பட்டுவிட்டது. ரண சிகிச்சைக்காக ஸ்மரணை இழந்து கிடக்கும் மனிதன் ஏன் இறக்கிறான் என்பதே அதன் விசாரணை.

குளோரபாரத்தை எடின்பரோ நகரத்து டாக்டர் ஸிம்ஸன் கையாண்டது 1847-ம் வருஷம் நவம்பரில். மறு ஜனவரியிலேயே நியூகாஸில் நகருக்கருகில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் விரல் நகத்தை எடுப்பதற்காக அம்மருந்தை முகர்ந்தவள், சில நிமிஷங்களில் மாண்டுபோனாள். அன்று முதல் வைத்திய உலகில் இரு கட்சிகள் ஏற்பட்டன. இம்மருந்து இருதயத்தையே நேராகத் தாக்குகிறது, ஆகவே நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றது லண்டன் கட்சி. முதலில் நிற்பது சுவாசமே, நாடியைத் தொட வேண்டுவதில்லை என்றது ஸைம் என்ற பேராசிரியரைப் பின்பற்றிய எடின்பரோ கட்சி. வாதம் நாற்பது வருஷம் நீண்டது. மரணங்களும் நீண்டன.

ஸைமின் மாணாக்கரான எட்வர்டு லாரி, ஹைதராபாத் ரெஸிடென்ஸி ஸர்ஜனாகவும் அங்கிருந்த வைத்தியப் பள்ளியின் தலைவராகவும் இருந்தவர். 1888-ல் நிஜாமின் ஆதரவில் முதல் கமிஷனை அமைத்து, நூற்றுக்கு மேற்பட்ட நாய்களின் மீது பரீட்சை செய்து, தம் ஆசிரியர் கூற்றே சரியென்று அறிவித்தார். லண்டன் 'லான்செட்' பத்திரிகை இதை எளிதில் ஏற்கவில்லை. அப்பொழுது நிஜாம் மீர் மஹபூப் அலிகான் 1000 பவுன் அளித்து, அப்பத்திரிகையே தன் சார்பில் ஒரு நிபுணரை அனுப்பட்டும் என்றார். தம் கட்சிக்காரரின் முடிவை எதிர்க்கட்சி நிபுணரே வந்து சோதிக்கட்டும் என்று பணம் கொடுத்த மன்னரின் பெருந்தன்மை பாராட்டத்தக்கது. 1889 அக்டோபரில் வந்து சேர்ந்த டாக்டர் லாடர் பிரண்டன், இருதயமே நிற்கும் என்ற எண்ணத்துடன் வந்தவர். ஏறக்குறைய 500 பிராணிகளைச் சோதித்தபின், தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டு லண்டனுக்குத் தந்தி கொடுத்தார்.

அக்கமிஷன் வகுத்த விதிகள் இன்று படிக்கினும் வியப்பளிப்பவை. நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். மார்பையும் வயிற்றையும் இறுக்கும் உடை கூடாது. மயக்கம் பூரணமாகும் முன் கத்தியை எடுத்தல் கூடாது. சுவாசம் தடைப்படின் கீழ்த்தாடையை உடனே முன்னுக்கு இழுக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, மருந்து கொடுப்பவருக்குச் சுவாசத்தைக் கவனிப்பதைத் தவிர வேறு நோக்கமே இருத்தலாகாது.

ஆயினும் கமிஷனின் முடிவு பாதி உண்மையே. 1893-ல் கேம்பிரிட்ஜில் காஸ்கெல், ஷோர் என்ற இருவர், மருந்து இருதயத்தையும் தாக்குவதைக் காட்டினர். 1911-ல் குட்மன் லீவி என்பவர், அரைகுறை மயக்கத்திலேயே இருதயம் திடீரெனத் துடிதுடித்து நின்றுவிடக் கூடுமென்று பூனைகளின் மீது நிரூபித்தார். அபாயத்திற்கு அஞ்சி மருந்தைக் குறைத்துக் கொடுத்தவர்களே சில சமயங்களில் அபாயத்தை வரவழைத்தார்கள் என்பது இதனால் விளங்கியது. பூரண மயக்கத்தை வற்புறுத்திய லாரியின் நோயாளிகள் பிழைத்தமைக்கும் இதுவே ஒரு காரணமாகலாம். அவர் கையாண்ட முறை நன்று. அதற்கு அவர் கூறிய காரணம் பிழை. ஹைதராபாத்தில் செய்த ஆராய்ச்சி என்பதற்காக அப்பிழையை மூடி மறைப்பது தேசபக்தி ஆகாது. நாடியைத் தொடவேண்டாம் என்ற உபதேசத்தை அப்படியே நம்பிய வைத்தியர்களின் கையில் உயிர்கள் இருந்தன.

நாம் பெருமை கொள்ளத்தக்க விஷயம் வேறொன்றுண்டு. அப்பள்ளியில் பயின்று ஹக்கீம் பட்டம் பெற்ற ரூபாபாய் பர்தூன்ஜி என்ற பார்ஸி மாது, மயக்க மருந்து கொடுப்பதையே தமது தொழிலாகக் கொண்டார். உலகிலேயே இத்துறையின் முதல் பெண் வைத்தியர் என்று அவரைக் கூறுவோர் உண்டு. ஸ்திரீகள் பள்ளிக்கூடம் செல்வதே விவாதமாயிருந்த காலம் அது!

குளோரபாரம் இன்று சிகிச்சையினின்று நீங்கிவிட்டது. ஜப்பானியரான அயோகி 1974-ல் வெளியிட்ட தத்துவத்தின்படி அமைந்த சிறு கருவி, விரல் நுனியிலிருந்தே ரத்தத்தின் பிராணவாயு அளவையும் நாடியையும் ஒருங்கே காட்டுகிறது. நாற்பது வருஷச் சண்டையின் இரு கட்சிகளும் அக்கருவியில் சமாதானமாகிவிட்டன எனலாம். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவர் சிகிச்சை முடியும்வரை அறையைவிட்டு அகலலாகாது என்ற விதியை, அமெரிக்காவின் ஹார்வர்டு ஆஸ்பத்திரிகள் 1986-ல் தான் எழுத்தில் வெளியிட்டன. தம் ஊருக்கு ரண சிகிச்சை அறை வேண்டுமென்று மகஜர் எழுதும் அன்பர்கள், மேஜையும் விளக்கும் கேட்பதோடு நில்லாமல், நோயாளியின் தலைமாட்டில் அமரத் தனியாக ஒரு வைத்தியர் நியமிக்கப்படுவாரா என்றும் அதே மகஜரில் கேட்பார்களாக.