தியத்தலாவை பக்கம்தான், பாதைதான் நீளம்

உயர்தரம் எழுதும் மலையகப் பிள்ளைகளும் படை அதிகாரிப் பயிற்சியும்

கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் ரயில் ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே தியத்தலாவையில் நிற்கும். இலங்கை இராணுவத்தின் அதிகாரிகள் உருவாகும் இராணுவக் கல்விக்கழகம் அங்கேதான் இருக்கிறது. தம்பேத்தன்னைத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பையன் கிளம்பினால், பஸ் மாறிப் போனாலும் காலைச் சாப்பாட்டுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் இடையில் அந்த வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் பயிலிளவல் அதிகாரியாக அதற்குள் நுழைய அவன் கடக்க வேண்டிய தூரம் வேறு. அந்தத் தூரத்தின் கணக்கு அவன் பிறந்த அன்றே தொடங்கிவிடுகிறது.

ஒவ்வொரு முறை உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: கெம்பஸ் கிடைக்கவில்லை என்றால் அடுத்தது என்ன? ஆசிரியர் நியமனம், தாதியர் பயிற்சி, கொழும்பில் கடை வேலை, மத்திய கிழக்கு என்று பதில்கள் வரிசையாக வரும். செலவில்லாமல் பட்டம், படிக்கும்போதே சம்பளம், முடித்ததும் அதிகாரிப் பதவி என்ற வாய்ப்பு அந்த வரிசையில் அநேகமாக வருவதில்லை. வேண்டாம் என்று யோசித்து ஒதுக்குகிறவர்கள் சிலர். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள்தான் மிகப் பலர்.

இரண்டு வாசல்கள்

உயர்தரம் முடித்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, முப்படைகளும் நேரடியாகப் பயிலிளவல் அதிகாரிகளைச் சேர்ப்பது. இராணுவம் என்றால் தியத்தலாவை, கடற்படை என்றால் திருகோணமலை, விமானப்படை என்றால் சீனக்குடா. பயிற்சி முடிவில் இராணுவத்தில் இரண்டாம் லெப்டினன்டாக அதிகாரம் பெறுவார்கள்.

இரண்டாவது, இரத்மலானையில் உள்ள ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். முன்னாள் பிரதமர் கொத்தலாவல நாட்டுக்குக் கொடுத்த தன் கந்தவளைத் தோட்டத்தில், 1981 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கல்விக்கழகமாகத் தொடங்கி, பின்னர் பட்டம் வழங்கும் நிறுவனமாக வளர்ந்தது. பொறியியல், மருத்துவம், சட்டம், முகாமைத்துவம், கணினி என்று இங்கே படிக்கலாம். படை மாணவர் பட்டப்படிப்போடு படைப் பயிற்சியையும் முடித்து வெளியேறுவார்.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. கொத்தலாவல பல்கலைக்கழகம் என்றதும் 'காசு கட்டிப் படிக்கிற இடம்' என்பார்கள். 2021 இல் அப்பல்கலைக்கழகம் தொடர்பான சட்டமூலத்துக்கு எதிராக மாணவரும் ஆசிரியர் சங்கங்களும் வீதிக்கு இறங்கியபோது அந்தப் பேச்சு இன்னும் பரவியது. கட்டணம் செலுத்திப் படிக்கும் சிவில் மாணவர் அங்கே இருப்பது உண்மை. ஆனால் பயிலிளவல் அதிகாரியாகத் தெரிவானவர் கட்டணம் கட்டுவதில்லை. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் அரசின் செலவு. மாதச் சம்பளமும் உண்டு. பதிலுக்குக் குறிப்பிட்ட காலம் சேவை செய்வதாகப் பிணை ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். இடையில் விலகினால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். புலமைப்பரிசில் என்று சொல்வதைவிட, உழைப்பால் தீர்க்கும் கடன் என்று சொன்னால் பெற்றோருக்குத் தெளிவாகப் புரியும்.

விண்ணப்பம் கேட்பது என்ன?

அடிப்படைத் தகுதிகள் எளிமையானவை போலத் தோன்றும். இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பி, இருபதுகளின் தொடக்கத்தைத் தாண்டாதிருக்க வேண்டும். திருமணமாகாதிருக்க வேண்டும். சாதாரண தரத்தில் கணிதம், ஆங்கிலம் உட்பட நல்ல சித்திகளும், உயர்தரத்தில் தேவையான சித்திகளும் வேண்டும். கொத்தலாவல பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர், உயர்தரத்தின் மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் சித்தியடைந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான ஆகக் குறைந்த தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குப் பின் சான்றிதழ் பரிசோதனை, உடற்தகுதிச் சோதனை, மருத்துவப் பரிசோதனை, நேர்முகப் பரீட்சை என்று வடிகட்டல் நடக்கும். விளையாட்டு, மாணவர் தலைமைப் பொறுப்பு, கடேற் பயிற்சி இவற்றுக்கான சான்றிதழ்களுக்கு நேர்முகத்தில் மதிப்புண்டு.

தோட்டப் பிள்ளைக்கு இந்தப் பட்டியலின் முதல் வரியே பழைய காயத்தின் மேல் எழுதப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பிரித்துப் போட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம்தான் பிரஜாவுரிமை வழங்கியது. இன்று உயர்தரம் எழுதும் பிள்ளை பிரஜைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தாத்தாவின் காலத்துக் குழப்பம் கடதாசிகளில் இன்னும் மிச்சமிருக்கிறது. தந்தையின் பெயர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் பதிந்து, அதை ஆங்கிலத்துக்கு மாற்றியபோது ஓர் எழுத்து கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். சாதாரண வேலைக்கு யாரும் அதைத் தோண்டிப் பார்ப்பதில்லை. பாதுகாப்பு அமைச்சின் கோப்பில் அந்த ஓர் எழுத்து விண்ணப்பத்தையே நிறுத்திவிடக்கூடும்.

திருத்தம் செய்யப் பிரதேச செயலகத்துக்கு ஒருமுறை போனால் போதாது. ஒவ்வொரு முறை போகும்போதும் வீட்டில் ஒருவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. பஸ் காசும் தேநீரும் வேறு. இந்த வேலையைப் பெறுபேறு வந்த பிறகு தொடங்கினால் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துபோகும். பத்தாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

சென்ரிமீற்றரில் ஒரு தடை

ஆகக் குறைந்த உயரம், எடை, மார்பளவு, பார்வை என்று விளம்பரத்தில் ஒரு பகுதி இருக்கும். படைக்குப் படை, ஆண்-பெண் என்று அளவு மாறும். அறிவோடும் முயற்சியோடும் தொடர்பில்லாத, நியாயமான ஒரு பொது விதி என்றுதான் இதை எல்லோரும் கடந்து போகிறோம்.

ஆனால் 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தை. அன்று அளவெடுக்கப்பட்ட தலைமுறை வளர்ந்து இடைநிலை வகுப்புகளைக் கடந்துகொண்டிருக்கிறது. அவர்கள் உயர்தரம் முடித்து உயரம் அளக்கும் பலகையின் முன் நிற்கும்போது, கர்ப்பிணித் தாயின் இரத்தச்சோகையும் பிள்ளை மடுவத்தின் பால்மாவும் சேர்ந்துதான் அங்கே அளக்கப்படும். முதல் ஆயிரம் நாட்களில் இழந்த வளர்ச்சியைப் பதினெட்டு வயதில் ஓட்டப் பயிற்சியால் மீட்க முடியாது. விதியை மாற்றச் சொல்வது வேறு விவாதம். அந்த விதி எல்லோரையும் ஒரே இடத்திலிருந்து அளக்கவில்லை என்பதையாவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மொழியும் பாடப்பிரிவும்

கொத்தலாவல பல்கலைக்கழகத்தில் படிப்பு ஆங்கிலத்தில். படை முகாமின் அன்றாடப் பேச்சு சிங்களத்தில். தமிழ்மொழி மூலம் படித்த மாணவர் இரண்டையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டும். ஊவாவில் தோட்டங்களுக்குள் இருக்கும் பாடசாலைகள் பலவற்றில் ஐந்தாம் வகுப்போ சாதாரண தரமோதான் எல்லை. விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் வேண்டுமென்றால் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை நகரங்களின் 1ஏபி தரப் பாடசாலைகளைத் தேடி வர வேண்டும். தமிழில் பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்க ஆசிரியர் இல்லாத குறை ஊவாவுக்குப் பழையது. ஆகவே பொறியியல், மருத்துவத் துறைகளுக்குப் படை மாணவராக விண்ணப்பிக்கும் தகுதி பலருக்குப் பதினோராம் வகுப்பிலேயே போய்விடுகிறது. கலை, வர்த்தகப் பிரிவுகளில் படித்தவருக்குத் தியத்தலாவை வழி இருக்கிறது. முகாமைத்துவம் போன்ற சில பட்டங்களும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இதைப் பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

கடேற் பயிற்சியின் கதையும் இதுதான். இலங்கையில் 1881 இல் றோயல் கல்லூரியில் தொடங்கிய மாணவர் படையணி இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. அதன் பயிற்சி நிலையம் ரந்தம்பையில் மகாவலிக் கரையில் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளில் கடேற் குழு இருப்பது அபூர்வம்.

பேசாமல் கடக்க முடியாத பகுதி

இதுவரை சொன்னவை எல்லாம் கடதாசியிலும் காசிலும் தீரக்கூடியவை. மிச்சமிருப்பது அப்படித் தீராது. தமிழ்ப் பிள்ளை இந்த நாட்டின் படையில் அதிகாரியாகலாமா என்ற கேள்வியைக் கேட்காமல் எந்த லயத்திலும் இந்தப் பேச்சு முடியாது.

ஒரு காலத்தில் இதற்குப் பதில் எளிது. 1955 இல் இலங்கை இராணுவத்துக்குத் தளபதியான முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு, தமிழர். 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதியாக இருந்த ராஜன் கதிர்காமரும் தமிழர். 1956 இன் தனிச் சிங்கள மொழிச் சட்டமும், 1962 இல் அதிகாரிகள் சிலர் செய்த சதிப்புரட்சி முயற்சியும் அந்தக் காலத்தின் முடிவைத் தொடங்கிவைத்தன. பிறகு வந்த முப்பது ஆண்டுப் போரில் தமிழருக்குச் சீருடை என்றால் சோதனைச் சாவடி என்று பொருளானது.

ஊவாவுக்குத் தனி நினைவுகள் உண்டு. தியத்தலாவைக்குப் பக்கத்தில், பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25 ஆம் திகதி இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலொன்றால் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் இறுதியில் விடுதலையானார்கள். அதே மாவட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, சேற்றுக்குள் இறங்கித் தேடியவர்களில் இராணுவத்தினரும் இருந்தார்கள். இந்த இரண்டு நினைவுகளும் ஒரே வீட்டில் இருக்க முடியும். 'நமக்கெதுக்கு அந்த வேலை' என்று ஒரு தாய் சொன்னால் அதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. அவருக்கு ஒரு வரலாறு தெரியும்.

இன்னொரு நடைமுறைக் கணக்கும் இருக்கிறது. 2030 க்குள் இராணுவத்தின் எண்ணிக்கையை ஒரு இலட்சமாகக் குறைப்பதாகப் பாதுகாப்பு அமைச்சு 2023 ஜனவரியில் அறிவித்தது. படை சுருங்கினால் அதிகாரி இடங்களுக்கான போட்டி இறுகும்.

மற்ற நாடுகளில்

இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் தேசிய பாதுகாப்புக் கல்விக்கழகத்துக்குப் பொது எழுத்துத் தேர்வு எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். தேறினால் ஐந்து நாள் தெரிவுக் குழுவின் முன் நிற்க வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே என்பது தமிழ்நாட்டு மாணவரின் தலைவலி. ஆனால் அங்கே உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதி நகரில் 1962 முதல் ஒரு சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளையை இதற்குத் தயார் செய்கிறது. அமெரிக்காவில் பாடசாலையின் கடைசி ஆண்டிலேயே படை அதிகாரிப் பயிற்சிப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கிறார்கள். பதிலுக்கு எட்டு ஆண்டுச் சேவைக் கடமை. எங்கும் பரீட்சைக்குப் பல ஆண்டுகள் முன்பே ஆயத்தம் தொடங்குகிறது. நம் பிள்ளைக்கு அது பெறுபேற்றுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறது.

பாடசாலை செய்யக்கூடியது

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அரச வர்த்தமானி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று மொழிகளிலும் வெளிவருகிறது, இணையத்தில் இலவசம். அதிலும் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்திலும் வரும் ஆட்சேர்ப்பு விளம்பரங்களைப் பார்த்து அறிவித்தல் பலகையில் ஒட்ட ஓர் ஆசிரியர் போதும். விண்ணப்பம் இப்போது பெரும்பாலும் இணையவழி என்பதால், பாடசாலைக் கணினி அறையை அந்த வாரம் திறந்து வைத்தாலே பாதி உதவி.

பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பெற்றோரின் அடையாள அட்டைகளையும் அருகருகே வைத்துப் பெயர்களைச் சரிபார்க்கலாம். தவறிருந்தால் திருத்த இரண்டு மூன்று ஆண்டுகள் கிடைக்கும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ்களைத் தொலைக்காமல் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்லலாம். பேச்சுச் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் வாரத்தில் சில மணித்தியாலங்கள் ஒதுக்கலாம். இவற்றில் எதுவும் படையில் சேராத பிள்ளைக்கு வீண்போகாது; தாதியர் பயிற்சிக்கும் வங்கி வேலைக்கும் கிராம உத்தியோகத்தர் பரீட்சைக்கும் இதே கோப்புத்தான் வேண்டும்.

2012 கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் மலையகத் தமிழர் ஒன்றரை இலட்சம் அளவில் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் எல்லோரும் சீருடை அணிய வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. வரலாறு தெரிந்து, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்வரை படித்து, 'எனக்கு இது வேண்டாம்' என்று ஒரு மாணவி சொன்னால் அது அவளுடைய தீர்மானம்; மதிக்க வேண்டும். 'நான் போகிறேன்' என்று இன்னொருத்தி சொன்னாலும் அப்படித்தான். பெயரில் ஓர் எழுத்துப் பிழையாலும், முடிவுத் திகதி தெரியாததாலும், தாய்க்குக் கிடைக்காத இரும்புச் சத்தாலும் அந்தத் தீர்மானம் அவளைக் கேட்காமலே எடுக்கப்படுவதுதான் அநியாயம்.