நீர் நிற்கும் வயலில் நாற்று வாடுவதேன்?

கடலோர உவர் நிலங்களில், நடவு முடிந்து ஒரு வாரம் சென்றபின், வயலில் கணுக்காலளவு தண்ணீர் நின்றும் நாற்றுக்கள் நுனி கருகிச் சுருண்டு கிடப்பதைக் காணலாம். குடியானவர் பலர் இதனைச் சத்துக் குறைவென்று எண்ணி மேலும் யூரியா இடுகின்றனர். பணமும் போகிறது, பயிரும் போகிறது. இவ்வாட்டத்தின் காரணத்தை வேரின் உயிரணுக்களைப் போர்த்துள்ள ஒரு மெல்லிய சவ்விலே தேடவேண்டும்.

செடியின் உறுப்புக்கள் யாவும் கண்ணுக்குப் புலனாகாத உயிரணுக்களால் ஆயவை. ஒவ்வோர் உயிரணுவுக்கும் புறத்தே நாராலான சுவர் ஒன்று உண்டு. அது வேலிப் படலை ஒத்தது. நீரும் உப்பும் அதனூடே தடையின்றிச் செல்லும். அதன் உட்புறம் ஒட்டியிருப்பதே சவ்வு. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கின், அதில் ஒரு கூறிலும் குறைவானது அதன் கனம். இரத்த அணுக்களை ஆராய்ந்த கோர்ட்டர், கிரெண்டல் என்னும் ஹாலந்து தேசத்தார் இருவர், சவ்வு கொழுப்பினப் பொருளால் இரண்டடுக்காக அமைந்ததென்று 1925-ல் வெளியிட்டனர். கொழுப்பாதலின் உப்பு அதனை எளிதிற் கடவாது. ஆயினும் இடையிடையே புரதங்கள் பதிந்து வாயில்களாக நிற்கின்றன. நீருக்கென்றே தனி வாயில் இருப்பதைக் கண்டறிந்தமைக்காக அமெரிக்கரான பீட்டர் ஆக்ரே 2003-ல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் சவ்வின் வழியே செல்லும். நல்ல நிலத்தில் மண்ணீரைவிட வேரணுவின் சாறு செறிவுடையது. ஆகவே நீர் உட்புகுகிறது. உவர் நிலத்தில் வெளியே உப்பு மிகுதலால் நீர் புகுவது குறைகிறது. உப்பு மேலும் மிகின், உள்ளிருக்கும் நீரும் வெளியேறுகிறது. உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குவதை நம் வீட்டுப் பெண்டிர் நன்கறிவர். வேருக்கு நேர்வதும் அதுவே. வேரருகே குவித்த உரம் பயிரைச் ‘சுடுவதும்’ இதனாலேயாம். உவரால் வாடிய நாற்றுக்கு மேலும் யூரியா இடுவது எத்தகைய காரியமென்பதை விளக்க வேண்டுவதில்லை.

இன்னொரு கேடும் உண்டு. சவ்வின் கட்டுக்கோப்பைச் சுண்ணாம்புச் சத்து காக்கிறது. சோடியம் மிகுந்தால் அச்சத்து பெயர்க்கப்பட்டுச் சவ்வு கசியும். வேண்டாத சோடியம் உட்புகுந்து இலைக்கு ஏறும். மலையாளக் கரையின் பொக்காளி நெல் இதனைத் தாங்குவதற்கு ஒரு காரணம், அதன் சவ்வில் உள்ள ஒரு வாயில், மேலேறும் சாற்றினின்று சோடியத்தை மீட்டு வேர்ப் பகுதியிலேயே நிறுத்துவதாகும்.

பரிகாரத்தைக் கூறுமுன் உவரையும் களரையும் பிரித்தறிதல் அவசியம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் விளையும் வீண்செலவு மிகப் பெரிது. களர் நிலத்தில் மண்துகள்களே சோடியத்தைப் பற்றியிருக்கும். அங்கு ஜிப்சம் இட்டு, நீர் கட்டி, வடித்தல் வேண்டும். வெறும் உவருக்கு ஜிப்சம் தேவையில்லை. நன்னீர் தேக்கி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்றுவதே போதும். 2004 டிசம்பர் 26-ல் கடல் புகுந்த நாகப்பட்டினம் கரையோர வயல்களில், பின்வந்த பருவமழை உப்பின் பெரும்பகுதியைக் கழுவிச் சென்றது. வடிகால் தூர்ந்த ஊரில் இவ்விருவகைச் சிகிச்சையும் பலிக்காது. கிராம அதிகாரிகள் கோடையிலேயே வடிகால்களைப் பார்வையிடுவது நலம்.

மண் பரிசோதனையில் மின்கடத்தும் அளவு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைவு குறையத் தொடங்கும். அத்தகைய நிலத்தில் இளநாற்றைத் தவிர்த்து, 30 நாளுக்கு மேற்பட்ட நாற்றைக் குத்துக்குச் சற்று அதிகமாக நடுக. முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும் நெல், இரண்டு மூன்று இலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் தாங்கமாட்டாது. கைவசமுள்ள நன்னீர் கொஞ்சமாயின், அதனை அவ்விரு பருவங்களுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்க.