செவிமடுத்த உளவியலாளர்

மனவருத்தத்தோடு வரும் நண்பனிடம் நாம் பெரும்பாலும் என்ன சொல்கிறோம்? “இதற்கெல்லாமா கவலைப்படுவது?” என்கிறோம், அல்லது உடனே அறிவுரை கூறத் தொடங்கிவிடுகிறோம். அவன் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடுகிறது. பிறர் துயரை முழுமையாகக் கேட்பதே அவருக்குச் செய்யும் பேருதவி என்பதைத் தம் வாழ்நாள் பணியால் உணர்த்தியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ்.

ரோஜர்ஸ் 1902ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் சிக்காகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில் பிறந்தார். சமயப் பற்றும் கண்டிப்பும் மிகுந்த குடும்பத்தில், ஆறு பிள்ளைகளுள் அவர் நான்காமவர். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. கூச்ச சுபாவம் கொண்ட அவர், அங்கே விட்டில்பூச்சிகளை வளர்த்து ஆராய்வதில் பொழுதைக் கழித்தார். பல்கலைக்கழகத்தில் முதலில் வேளாண்மை பயின்ற அவர், பின்னர் சமயக் கல்வியை நாடினார். இறுதியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்று, 1931ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெறுவதற்கு முன்பே, 1928இல், ரோச்செஸ்டர் நகரில் சிறுவர் நல அமைப்பு ஒன்றில் பணியில் சேர்ந்தார். அங்கு நிகழ்ந்த ஒரு சம்பவம் அவரது சிந்தனையை மாற்றியது. அடங்காத மகனைப் பற்றி முறையிட ஒரு தாய் அவரைத் தேடி வந்தார். மகனைத் தாய் மனத்தளவில் ஒதுக்கியதே சிக்கலுக்குக் காரணம் என்று ரோஜர்ஸ் கருதினார். அதைத் தாய்க்கு உணர்த்தப் பலமுறை முயன்றும் பயனில்லை. “நாம் இருவரும் முயன்றுவிட்டோம். இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்,” என்று அவர் கூற, தாயும் உடன்பட்டார். ஆனால், வாசல்வரை சென்ற தாய் திரும்பிப் பார்த்து, பெரியவர்களுக்கும் இங்கு ஆலோசனை வழங்குவீர்களா என்று கேட்டார். ரோஜர்ஸ் ஆம் என்றதும் மீண்டும் வந்து அமர்ந்து, தம் மணவாழ்க்கையின் வேதனைகளையும் தோல்வி உணர்வையும் மனம்விட்டுக் கொட்டினார். ரோஜர்ஸ் குறுக்கிடாமல் செவிமடுத்தார். உண்மையான சிகிச்சை அன்றுதான் தொடங்கியது. காலப்போக்கில் தாய் மட்டுமன்றி மகனும் நலம் பெற்றான்.

எங்கே வலிக்கிறது என்பது வலியை அனுபவிப்பவருக்கே தெரியும் என்னும் பாடத்தை ரோஜர்ஸ் இதிலிருந்து கற்றுக்கொண்டார். இக்கருத்துக்கு அவரது பண்ணை வாழ்க்கையும் துணைநின்றது. குளிர்காலத்தில் வீட்டின் நிலவறையில் சேமித்து வைத்த உருளைக்கிழங்குகள் இருட்டிலும் முளைவிடும். வெளிறிப்போன அம்முளைகள் சிறிய சன்னலின் ஒளியை நோக்கியே நீளும். மனிதரும் அவ்வாறே, சூழல் எவ்வளவு மோசமானாலும் வளர்ச்சியை நோக்கியே முயல்கின்றனர் என்று அவர் நம்பினார்.

வளர்ச்சிக்கு ஏற்ற சூழலாக மூன்று பண்புகளை அவர் வலியுறுத்தினார். முதலாவது, பிறரின் இடத்தில் நின்று அவரது உணர்வைப் புரிந்துகொள்ளும் ஒத்துணர்வு. இரண்டாவது, குறை காணாமல் மனிதரை மனிதராக மதிக்கும் நிபந்தனையற்ற ஏற்பு. மூன்றாவது, போலி முகம் காட்டாத உண்மைத்தன்மை. உதவி நாடி வந்தவரை ‘நோயாளி’ என்று அழைப்பதையும் அவர் தவிர்த்தார்.

அவரது முறை கிளிப்பிள்ளையைப்போல் கேட்டதைத் திருப்பிச் சொல்வதே என்று சிலர் கேலி செய்தனர். ரோஜர்ஸோ தம் பணியைப் பிறர் ஆராய்வதற்கு வழி திறந்தார். ஆலோசனை உரையாடல்களை உரியவரின் இசைவுடன் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். அக்காலத்து ஒலித்தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே பதிவு செய்ய இயலும். ஆயினும், 1942இல் வெளியான தமது நூலில் ஒரு முழு ஆலோசனைத் தொடரையே எழுத்துவடிவில் அச்சிட்டார்.

பிறருக்கு உதவிய அவருக்கும் சோதனைக்காலம் வந்தது. சிக்காகோவில் பணியாற்றியபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு உதவ முயன்று தாமே மனச்சோர்வுக்கு ஆளானார். மனைவியுடன் சிறிது காலம் ஊரைவிட்டு விலகியிருந்தார். திரும்பியதும், தம்மைவிட இளைய சக பணியாளரிடம் ஆலோசனை பெற்றுத் தெளிவடைந்தார். உதவி கேட்பது இழிவன்று என்பதை அவர் வாழ்ந்தே காட்டினார்.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. வட அயர்லாந்தில் பகைமை பாராட்டிய கத்தோலிக்கர்களையும் புரொட்டஸ்டன்ட் பிரிவினரையும் ஒன்றாக அமரச் செய்து பேசவைத்தார். நிறவெறி நிலவிய தென்னாப்பிரிக்காவுக்கும் சென்று கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் உரையாட வைத்தார். 1987ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், தமது 85ஆம் வயதில் மறைந்தார்.

பள்ளி ஆலோசகர்கள் பயிலும் பாடங்களில் ரோஜர்ஸின் கருத்துகள் இன்றும் இடம்பெறுகின்றன. ஆனால், செவிமடுப்பதற்குப் பட்டம் தேவையில்லை. மனச்சுமையோடு வருபவர் பலர், சொல்ல வந்ததை வாசல்வரை சென்ற பிறகே சொல்லத் துணிகின்றனர். அவ்வேளையில் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, “உட்கார், சொல்,” என்று கூற நம் ஒவ்வொருவராலும் முடியும்.