விரலில் ஒட்டிய ஆரஞ்சும் மீட்டர் காட்டிய 14.8-உம்

சீனப் பெருநாள் வாரம். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனர் ஒரு பெட்டி ஆரஞ்சு கொடுத்திருந்தார். அம்மா பேரப்பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல் விரலைக் குத்திப் பார்த்தார். 14.8!

"என்னப்பா இது, நான் ஒரு சுளைகூட வாயில வைக்கலையே. இன்சுலினைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கவா?"

"பொறுங்கம்மா, சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க."

மறுபடி பார்த்தால் 7.9. முதல் எண்ணை நம்பி ஊசியைக் கூட்டியிருந்தால், நடு இரவில் சீனி 3.9-க்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று போயிருக்கும். தூக்கத்தில் யாருக்குத் தெரியும்?

2023 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆகவே இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். நம் நாட்டு மீட்டர் காட்டுவது ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று. 5.5 என்ற அளவில், 1 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம்தான். கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பல மீட்டர்களுக்கு அந்தச் சொட்டுகூட வேண்டாம். விரலில் இன்னொரு மைக்ரோகிராம் ஒட்டியிருந்தால் 5.5 என்பது 11 ஆகிவிடும். 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பழம் உரித்த விரல்களில் இதைச் சோதித்தார்கள். ஆல்கஹால் பஞ்சால் துடைத்தும் அளவு கூடுதலாகவே காட்டியது. குழாய்த் தண்ணீரில் கழுவியபின்தான் சரியானது.

படிவம் 4 மாணவர்களுக்கு இங்கே ஒரு பாடம் இருக்கிறது. ஸ்ட்ரிப்பின் நுனியில் காய்ந்த நொதி ஒன்று உள்ளது. அது குளுக்கோஸோடு வினைபுரியும்போது எலக்ட்ரான்கள் கைமாறுகின்றன. அந்த மின்னோட்டத்தைத்தான் மீட்டர் அளக்கிறது. பூட்டு-சாவி கருதுகோள் நினைவிருக்கிறதா? நாம் தேநீரில் போடும் சீனி சுக்ரோஸ். அதை இந்த நொதி கண்டுகொள்ளாது. ஆரஞ்சிலும் திராட்சையிலும் தனிக் குளுக்கோஸே இருக்கிறது, அதனால்தான் வம்பு.

நொதி என்பதால் வெப்பமும் ஈரமும் ஆகாது. ஜொகூர் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஸ்ட்ரிப் டப்பாவை விடாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே நீர் பூத்துவிடும். ஒன்றை எடுத்த கையோடு மூடியை அழுத்தி மூடுங்கள். பல வீடுகளில் டப்பா திறந்தே கிடக்கும், மீட்டரைத் திட்டுவார்கள்!

கழுவிய கை நன்றாகக் காய வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து அளவு குறைந்து காட்டும். விரலைப் பிழிந்தாலும் திசுநீர் கலந்து கெடுக்கும்; கையைத் தொங்கவிட்டு, விரலின் பக்கவாட்டில் குத்தினால் போதும். கழுவவே வழியில்லை என்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மீட்டர் கூட்டிக் காட்டலாம், அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு உறவினர் கொண்டுவரும் மீட்டர் 130 என்று காட்டினால் பதறாதீர்கள். அது மில்லிகிராம் கணக்கு. 18-ஆல் வகுத்தால் 7.2.

அறிவியல் செயற்பாங்கு சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு கேள்வி தருகிறேன். ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் ஆய்வுக்கூடம் 8.9 என்றது, மீட்டர் 10.0 என்றது. மீட்டர் கெட்டுவிட்டதா? ஐஎஸ்ஓ 15197 தரத்தின்படி 5.55-உம் அதற்கு மேலும் 15 விழுக்காடு வரை விலகல் ஏற்கப்படும். அதற்குக் கீழே 0.83 வரை. 8.9-இல் 15 விழுக்காடு 1.3. விலகல் 1.1தான். மீட்டர் நன்றாகவே இருக்கிறது. ஆய்வுக்கூடம் 5.0, மீட்டர் 6.1 என்றால்? மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும்.